பேய்மகளுக்கு உட்கார்ந்தவள்

சிரிப்பை மட்டும் விட்டுடாதீங்கம்மா என்று சார் சொல்லிவிட்டுப் போயிருந்தார், அதனால் பவுனம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். கை அசையாமல் இருப்பது ஒரு பெரிய காரியமே இல்லை, இத்தனை வருஷப் பழக்கத்தில் கை தன்பாட்டுக்குக் கட்டையாகிவிடும், கால் மரத்துப்போனால் போய்த்தொலை என்று விட்டுவிடலாம், ஆனால் ஒரே சிரிப்பை ஒரே அளவில் பிடித்து வைத்திருப்பது யாரால் ஆகும். போட்டோ எடுக்கிறவன் சிரி என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டால் எப்படி இருக்கும், அப்படி. கன்னத்தில் ஏதோ ஒரு நரம்பு துடிக்க ஆரம்பித்திருந்தது. துடிக்கட்டும். இரண்டு கையிலும் பித்தளைத் தாளம், இதோ தட்டப்போகிறேன் என்பதுபோல, ஆனால் தட்டக் கூடாது. ஒரு காலை மடக்கி ஒரு காலைக் குத்திட்டு, முகத்தை அண்ணாந்து, எதிரே ஆடுகிறவரைப் பார்த்துச் சொக்கிப்போய்ச் சிரிக்க வேண்டும். ஆடுகிறவர் சிவன். அவர் இங்கே இல்லை, அவர் இருக்க வேண்டிய உயரத்தில் சுவரில் ஒரு டியூப்லைட்டும் அதன் ஓரத்தில் ஒரு பல்லியும் இருந்தன. கோயிலில் ஆடுகிற சிவன் காலடியில், எலும்பும் தோலுமாக, முலை வற்றி, விலா எலும்பு ஒவ்வொன்றும் தெரிய உட்கார்ந்து ஒரு பேய்ப்பெண் தாளம் போடுவாளே, அவள்தான் இன்றைக்குப் பவுனம்மா. கலைக் கல்லூரியின் சிற்பக் கூடத்தில் பலகை மேடைமேல் மார்பில் ஒரு காடாத் துணியைச் சுற்றிக்கொண்டு அவள் உட்கார்ந்திருக்க, சுற்றிலும் வட்டமாக நின்று பிள்ளைகள் களிமண்ணில் அவளைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். தோளும் கழுத்தும் திறந்துகிடந்தன, அதுதான் இப்போது அவளுடைய கவலையெல்லாம். இடது பக்கம், கழுத்து தோளோடு சேருகிற பள்ளத்தில், எலும்புக்கு மேலே ஒரு கட்டி. கட்டி என்ற அந்தச் சொல்லை அவள் மனசுக்குள்ளேகூடச் சொல்லமாட்டாள், அது என்றுதான் சொல்லுவாள். அது இருக்கிறதா, இருக்கிறது. வலிக்கிறதா, இல்லை. வலித்தாலாவது ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருப்பாள், மெடிக்கல்காரனிடம் கழுத்து வலி என்று சொல்லுவதில் என்ன வெட்கம். இது வலிக்காமல், ஒரு தொந்தரவும் கொடுக்காமல், வீட்டுக்கு வந்த தூரத்துச் சொந்தக்காரன் மாதிரி ஓரமாக உட்கார்ந்துகொண்டிருந்தது. முகத்தை அண்ணாந்தால் கழுத்து நீளும், கழுத்து நீண்டால் அது மேலே எழும்பும். இந்தப் பிள்ளைகளோ கண் கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், பார்ப்பதற்கென்றே சம்பளம் கொடுத்து அவளை உட்காரவைத்திருக்கிறார்கள், இதில் யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறவள் உலகத்திலேயே பவுனம்மா ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

ஆடி மாசம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றின அன்றைக்குக் குளிக்கும்போது வழுக்கிக்கொண்டு போன சோப்பு அந்த இடத்தில் தடுக்கியது. பட்டாணி அளவு. கொசுக்கடி என்றாள். கொசு கடித்தது இரண்டு நாளில் அமுங்கும், இது அமுங்கவில்லை, சரி, நெறி கட்டியிருக்கும் என்றாள், காலில் புண் இருந்தால் தொடையில் நெறி கட்டுவதில்லையா, அதுபோலத் தலையில் பேன் கடித்த புண்ணுக்கு இங்கே கட்டியிருக்கும். பேனே இல்லாத தலைக்கு இந்தச் சமாதானம் எவ்வளவு நாள் தாங்கும். அப்புறம் அந்தப் பக்கம் சோப்புப் போடுவதையே விட்டுவிட்டாள், தண்ணீரை ஊற்றிக்கொண்டு வந்துவிடுவாள். வீட்டில் இருக்கிற ஒரே கண்ணாடியை, பொட்டு வைத்துக்கொள்ள நெற்றி தெரிந்தால் போதும் என்று, ஆணியைப் பிடுங்கி மேலே அடித்து மாட்டினாள். உயரமா மாட்னா உடையாது என்று புருஷனிடம் சொன்னாள், அவர் கேட்கவே இல்லை. பிறகு சோறு இறங்காமல் போயிற்று. உடம்பு இளைத்தது. தண்ணி லாரிக்குக் குடத்தோடு நின்றவர்கள் எல்லாம், இன்னா பவுனு, ஸ்லிம்மாயிட்டே, இன்னா சாப்டறே, எங்களுக்கும் சொல்லேன் என்று கேலி பண்ணினார்கள். ஆவடியில் கட்டிக்கொடுத்திருக்கிற மகள், சுகர் பாத்தியாம்மா என்று போனில் கேட்டாள். சுகர் என்று சொல்லிக்கொள்வது வசதியாகத்தான் இருந்தது, ஊரில் யாருக்குத்தான் சுகர் இல்லை. அவள் இளைத்ததைப் பார்த்து வாய்விட்டுச் சந்தோஷப்பட்டது ஒரே ஒரு ஆள், இளஞ்சேரன் சார். அம்மா, அப்படியே நில்லுங்க, அந்தப் பக்கம் திரும்புங்க, அடடா, இந்த எலும்பைப் பாருங்கப்பா என்று பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டினார். நல்ல மனுஷர், மரியாதை தெரிந்தவர், கூடம் பெருக்கிக்கொண்டிருந்தவளை, அன்றைக்கு வரவேண்டிய மாடல் வராமல்போனபோது, சும்மா உக்காருங்கம்மா என்று மேடைமேல் ஏற்றியவர் அவர்தான். குடம் சுமக்கிறவளாக உட்கார்ந்திருக்கிறாள், பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவளாகத் துணிமூட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், போன வருஷம் பார்வதி. பார்வதியிலிருந்து ஒரே வருஷத்தில் பேய். இறங்குகிறதுதான் இறங்குகிறோம், நடுவில் ஒரு படியாவது வைத்திருக்கக் கூடாதா. மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ரவிக்கை போடாமல் முடியாது சார், வீட்டில் திட்டுவாங்க என்று ஒரு வார்த்தை போதும், சார் வற்புறுத்துகிற ஆள் இல்லை. சொல்ல வாயெடுத்தாள், வாய் சரி சார் என்றது. ஏன் அப்படிச் சொன்னோம் என்று அன்றையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறாள். இந்த மேடை அவளுக்குப் பிடிக்கும் என்பது நிஜம். வீட்டில் யாரும் அவளை நிமிர்ந்து பார்ப்பது கிடையாது, இங்கே காதுமடலின் மடிப்பைக்கூட விடாமல் பார்க்கிறார்கள், ஒருத்தன் அவளுடைய கால் சுண்டுவிரலைச் செய்ய ஒரு பகல் முழுக்கப் பாடுபட்டான், பெற்ற தாய்கூட அந்த விரலை அவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டாள். அதனால்தான் சரி சார் என்றாளா, அல்லது வேறு ஏதாவதா. அந்த வேறு ஏதாவதுக்குப் பக்கத்தில் போனதும் மனசு திரும்பி ஓடிவந்துவிடும். ஓடிவந்து பல்லியைப் பார்த்தது. பல்லி அங்கேயேதான் இருந்தது, அதுவும் மாடல் வேலைக்கு வந்ததுபோல.

படம் போடுகிற பிள்ளைகளாக இருந்தால் பிழைத்திருக்கலாம். படத்துக்கு ஒரு பக்கம் போதும், இடது பக்கத்தைச் சுவருக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தால் தீர்ந்தது. மண்ணுக்கு எல்லாப் பக்கமும் வேண்டும். சுற்றிச் சுற்றி வருவார்கள், முதுகை வந்து பார்ப்பார்கள், குனிந்து மோவாய்க்கு அடியில் பார்ப்பார்கள். தலைமயிரையாவது முன்னால் விட்டுக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தாள், பேய்க்கு மயிர் மேலே விரிந்து நிற்க வேண்டுமாம், காலையிலேயே இரண்டு பெண்கள் வந்து வாரித் தூக்கிக் கட்டிவிட்டார்கள். சுவரில் துணி பேனர் கட்டியிருந்தது, ஏதோ ஒரு அறக்கட்டளை நடத்துகிற கலைமரபு விழா, இளம் சிற்பிகளுக்கு ஊக்கப் பரிசு என்று பெரிய எழுத்தில். சாயங்காலம் பெரிய மனிதர்கள் வந்து பார்த்து ஒரு சிலையைப் பொறுக்குவார்களாம், அதை வெண்கலத்தில் வார்த்து அவர்கள் கட்டுகிற கலைக்கூடத்து வாசலில் வைப்பார்களாம். பிள்ளைகள் சாப்பாட்டைக்கூட மறந்து வேலை செய்தார்கள். அவளுக்கு இடது கைப்பக்கம் நின்றது இசக்கி என்கிற பெண். திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம், சேர்ந்த புதிதில் அந்தப் பேச்சைக் கேட்டுப் பையன்கள் சிரித்தார்கள், இசக்கி என்றாலே அவங்க ஊர்ல ஒரு பேய்தான், பேய்க்குப் பேய் செய்யச் சொல்லவா வேண்டும் என்று இன்றைக்குக் காலையிலும் ஒருத்தன் சொன்னான். இசக்கி பதில் சொல்லுகிற ரகமில்லை. வேலை செய்யும்போது நாக்கை ஓரமாகக் கடித்துக்கொள்ளுவாள். அவள் இப்போது கை வேலையை நிறுத்திவிட்டு நின்றாள். தலையை இப்படிச் சாய்த்தாள், அப்படிச் சாய்த்தாள். பவுனம்மாவுக்கு அவள் பக்கம் கண்ணைத் திருப்ப முடியாது, கண் சிவன்மேல் இருக்க வேண்டும், ஆனால் ஓரக்கண்ணில் அந்தப் பெண் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு பொட்டு மண்ணை வைத்து உருட்டுவது தெரிந்தது. உருட்டினாள், பார்த்தாள், இன்னும் கொஞ்சம் மண் சேர்த்து உருட்டினாள். பிறகு தன் சிலையின் கழுத்தடியில் அதை வைத்து மெதுவாக அமுக்கினாள். அமுக்கியது அங்கே, விரல் பட்டதுபோல இருந்தது இங்கே, பவுனம்மாவின் கழுத்தில். சிரிப்பு ஒரு பக்கம் நழுவிற்று, இழுத்துப் பிடித்து நேராக்கினாள்.

பார்த்துவிட்டால் போச்சு. இதை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அதே தெருவில் இருந்த கன்னியம்மா அக்காவை வைத்து அவளாகக் கற்றுக்கொண்டது. அக்காவுக்கு மாரில் வந்தது. யாருக்கும் தெரியாது, அக்கா காலையில் இட்லிக் கடை போடுவாள், வருகிற ஆட்டோக்காரர்களை எல்லாம் வம்புக்கு இழுப்பாள், சினிமாவுக்குப் போவாள், அவள் சிரித்தால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். ஒரு நாள் மருமகள் முதுகு தேய்த்துவிட வந்தவள் பார்த்துவிட்டாள். அவ்வளவுதான். பெரியாஸ்பத்திரி, அந்தப் பரிசோதனை, இந்தப் பரிசோதனை, ஆரஞ்சுப் பழத்தோடு சொந்தக்காரர்கள், இட்லிக் குண்டானைக் கவிழ்த்து மேலே போட்டார்கள், ஒரு பொங்கல் தாண்டவில்லை. அது வரைக்கும் ஒன்றும் ஆகாத பொம்பளைக்குப் பார்த்தவுடனே எல்லாம் ஆகிவிட்டது. டாக்டரைக் கேட்டால் முன்னாலேயே காட்டியிருக்க வேண்டும் என்றுதான் சொல்லுவார், பவுனம்மாவும் அதைக் காதால் கேட்டாள், தலையும் ஆட்டினாள், ஆனால் மனசு வேறு கணக்குப் போட்டு வைத்துக்கொண்டது. யாரும் பார்க்காத வரைக்கும் அது வெறும் அதுதான். பார்த்த பிறகுதான் நோய். சாவதற்கு முன்னால் அக்கா ஒரு தடவை அவளைக் கிட்டே கூப்பிட்டு, காதோரமாக, வூட்ல எல்லாரும் மெதுவா பேசறாங்கடி பவுனு, அதான் பயமா கீது என்றாள். விடிந்தால் மாமியாரோடு வாயாடுகிற அந்த மருமகள், சாப்பிடுங்க அத்தை, படுத்துக்குங்க அத்தை என்று பஞ்சுபோலப் பேசினாளாம். அந்தப் பஞ்சுக் குரலைப் பவுனம்மாவும் கேட்டிருக்கிறாள். பிணத்துக்கு முன்னால் பேசுகிற குரல், ஆள் இருக்கும்போதே பேச ஆரம்பித்துவிட்டார்கள். அந்தக் குரல் தன் வீட்டு வாசலில் ஏறக் கூடாது, அவ்வளவுதான் அவள் வேண்டியது. புருஷன் டிவியைப் பார்த்துக்கொண்டே தட்டை நீட்டட்டும், இன்னும் கொஞ்சம் கொயம்பு ஊத்து என்று கத்தட்டும், மகள் போனில் கடன் கேட்டுச் சண்டை போடட்டும், அதெல்லாம் இருக்கிறவளிடம் பேசுகிற பேச்சு. இந்தப் பெண்ணோ ஒரு பொட்டு மண்ணை உருட்டி வைத்துவிட்டாள். மண்தானே என்றாள். மண்ணில் வைத்தால் ஆயிற்றா, மண் சாட்சி சொல்லுமா. ஆனால் பரிசு கிடைத்தால் வெண்கலம். வெண்கலத்துல வார்த்தா ஆயிரம் வருஷம் அப்படியே இருக்கும் என்று சார் காலையில்தான் பிள்ளைகளிடம் பெருமையாகச் சொன்னார். அவளை எரித்துச் சாம்பலைக் காசிமேட்டுக் கடலில் கரைத்து, புருஷனும் போய், மகளும் போய், அவள் பெயர் சொல்ல நாதியில்லாமல்போன பிறகும், அது மட்டும் பளபளவென்று ஒரு வாசலில் உட்கார்ந்திருக்குமா. போகிறவர் வருகிறவர் தொட்டுப் பார்ப்பார்களா. தாளம் தன்னால் தட்டிக்கொண்டுவிடுமோ என்று விரலை இறுக்கினாள்.

சார் வட்டத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். விலா எலும்பு வரிசையா சீப்பு மாதிரி வரக்கூடாதுடா, மூச்சு இருக்கணும் என்று ஒரு பையனிடம் சொன்னார். பூபாலன் என்கிற பையனுடையதைப் பார்த்து முதுகில் தட்டினார், வகுப்பில் கெட்டிக்காரன் அவன்தான், பரிசு அவனுக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரியும், அல்லது இசக்கிக்கு. இசக்கியிடம் வந்து நின்றார். நின்ற நேரம் நீண்டுகொண்டே போனது. பிரமாதம்மா, இந்த முழங்காலைப் பாரு, பிரமாதம் என்றார். பிறகு, இது என்ன இங்க, பிசிறு என்று சொல்லிக்கொண்டே கட்டைவிரலால் ஒரு தள்ளு தள்ளினார். உருண்டை தெறித்துத் தரையில் விழுந்தது. அந்த இடத்தை விரலை ஈரமாக்கி வழித்து மழமழவென்று பள்ளமாக்கினார். சார், அது பிசிறு இல்ல சார் என்று இசக்கி ஆரம்பித்தாள், அவர் காதில் விழவில்லையா, விழுந்தும் வேறு மாதிரி எடுத்துக்கொண்டாரா, தெரியவில்லை, எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லுவதுபோலக் குரலை உயர்த்தினார். பாத்ததையெல்லாம் அள்ளி வைக்கறது சிற்பம் இல்லப்பா. அம்மா உங்களுக்கு ஒரு ஆதாரம், அவ்வளவுதான். அவங்கள்ல இருந்து பேய்மகளுக்குப் போகணும். அவ பசியில இளைச்சவ இல்ல, ஆட்டத்தைப் பாத்து உருகி இளைச்சவ. நம்ம ஆளுங்க அந்த எலும்பையே அழகா பண்ணாங்க, அதான் மரபு. மச்சம் மரு எல்லாம் அதுல வராது. பவுனம்மாவுக்கு உடம்பு லேசாகிவிட்டது. அப்பாடா என்று மூச்சு விடக்கூட முடியாது, மூச்சு விட்டால் தோள் இறங்கும், ஆனாலும் உள்ளுக்குள் விட்டாள். மச்சம் மரு. அவ்வளவுதான் அது. படித்த மனுஷர், உடம்பைப் பற்றியே பாடம் நடத்துகிறவர், அவர் கையாலேயே தட்டிவிட்டுவிட்டார், போயிற்று. ஆஸ்பத்திரியிலும் இப்படிக் கட்டைவிரலால் ஒரு தள்ளு தள்ளினால் போகிறதாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். விழுந்த உருண்டையை யாரோ மிதித்துக்கொண்டு போனார்கள், செருப்பில் ஒட்டிக்கொண்டு அது எங்கேயோ போய்விட்டது.

நியாயமாக அவள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷம் இருந்த இடத்தில் கொஞ்ச நேரத்திலேயே ஒரு கோபம் வந்து உட்கார்ந்தது. கோபம் யார்மேல் என்று தெரியவில்லை. சார் அவளைப் பார்த்தார், அவளுக்கு நேர் எதிரே வந்து நின்று, கண்ணைச் சுருக்கி, கழுத்திலிருந்து தோளுக்குப் போகிற கோட்டைக் காற்றில் விரலால் வரைந்து பார்த்தார், அப்படியும் அவர் பார்த்தது அவளை இல்லை. அவளுக்குப் பின்னால் எங்கேயோ கல்லில் உட்கார்ந்திருக்கிற ஒருத்தியை. வீட்டில் புருஷன் அவள் வழியாக டிவியைப் பார்க்கிறார், இவர் அவள் வழியாகக் கோயிலைப் பார்க்கிறார், பவுனம்மா எல்லோருக்கும் ஜன்னல். ஆடி, ஆவணி, ஐப்பசி, தை என்று இத்தனை மாசம் மூடி மூடி வைத்தாளே, மூடாமலே இருந்திருந்தாலும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் போலிருக்கிறதே. ராத்திரி புருஷன் பக்கத்தில்தான் படுக்கிறார். மழைக்கு ஒழுகுகிறது என்று ஒரே மூலையில் ஒண்டிக்கொண்டு படுத்தபோது, அவர் கை தூக்கத்தில் அவள் தோளில் விழுந்தது, அந்த இடத்துக்குப் பக்கத்தில், இதோ இப்போது தட்டுப்படும், இப்போது கேட்பார் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். கேட்கட்டும் என்று இருந்தது. கேட்டால், ஒன்னுமில்லே, நெறி என்று சொல்லத் தயாராகவும் இருந்தாள். அவர் கையை எடுத்துக்கொண்டு மறுபக்கம் புரண்டுவிட்டார். அன்றைக்கு அவள் அழுதாள், பயம் போனதற்கா, கேட்காமல் போனதற்கா, அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. சீ, என்ன பொம்பளை நீ, ஒளித்து வைக்கவும் செய்கிறாய், கண்டுபிடிக்கவில்லை என்று அழவும் செய்கிறாய். கன்னம் வெடவெடவென்று ஆடிற்று. சிரி என்றாள் தனக்கே. உருகி உருகிச் சிரி.

அக்கா, கொஞ்சம் அளந்துக்கிடட்டா என்று காதுக்குப் பக்கத்தில் குரல் கேட்டது. இசக்கி மேடையில் ஒரு காலை வைத்து ஏறி நின்றுகொண்டிருந்தாள், கையில் காலிப்பர், வளைந்த இரண்டு கால் வைத்த இரும்பு. அளப்பது புதிதில்லை, மூக்கு நீளம், நெற்றி அகலம், முழங்கை என்று காலையிலிருந்து எல்லோரும் வந்து அளந்துகொண்டுதான் போகிறார்கள், வேண்டாம் என்று சொல்ல என்ன இருக்கிறது. வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தால் சிரிப்பு போய்விடும். இரும்பு சில்லென்று பட்டது. ஒரு முனை இந்தப் பக்கம், ஒரு முனை அந்தப் பக்கம். இத்தனை மாசத்தில் அதைத் தொட்ட முதல் வேற்றுக் கை. வலிக்குதாக்கா என்று கேட்டாள் அந்தப் பெண், மூக்கை அளக்கும்போது கேட்ட அதே குரலில். பவுனம்மா கண்ணால் இல்லை என்றாள். இசக்கி காலிப்பரை அசையவிடாமல், அந்த இடைவெளி மாறிவிடக் கூடாது என்று நீர்க்குடம் தூக்குகிறவள்போல மெதுவாக எடுத்துக்கொண்டு போனாள், அது பவுனம்மாவின் கண்ணுக்கு நேராகக் கடந்து போயிற்று. அப்போதுதான் பார்த்தாள். இரண்டு இரும்பு முனைக்கும் நடுவில் இருந்த வெற்றிடத்தை. பட்டாணி என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தாள், நடுவில் ஒரு எலுமிச்சம்பழம் நிற்கும். எப்போது இவ்வளவு ஆயிற்று, ஒரே வீட்டில் இருந்துகொண்டு தெரியாமலே போயிற்றே. இல்லை, சின்ன எலுமிச்சம்பழம்தான், இரும்பு கொஞ்சம் விலகியிருக்கும், பெண் சரியாகப் பிடித்திருக்க மாட்டாள். இசக்கி சரியாகத்தான் பிடிப்பாள் என்று அவளுக்குத் தெரியும். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது, டியூப்லைட் இரண்டாகத் தெரிந்தது, பல்லியைக் காணோம். இசக்கி அந்த அளவைச் சிலைக்குத் தக்கபடி குறைத்து, முன்னதைவிடப் பெரியதாக ஒரு உருண்டை உருட்டி, சார் வழித்த பள்ளத்தில் அதைப் பதித்து, ஓரத்தைத் தோலோடு தோலாக இழைத்துவிட்டாள்.

இசக்கி, மறுபடியுமா, இப்பத்தானே சொன்னேன் என்று சார் கூடத்தின் அந்தக் கோடியிலிருந்தே சத்தம் போட்டுக்கொண்டு வந்தார். கட்டைவிரலை நீட்டிக்கொண்டு வந்தவருக்கும் சிலைக்கும் நடுவில் இசக்கி போய் நின்றுகொண்டாள். அது அவியளுக்கு இருக்கு சார் என்று மேடையைக் காட்டினாள். எது இருக்கு என்றார் அவர். கழுத்துல சார், எடது பக்கம். நானா வைக்கல, அளந்துதான் வச்சிருக்கேன். பொத்துப் பொத்தென்று மண் அறைகிற சத்தம் கூடம் முழுவதும் நின்றது. எல்லாத் தலையும் நிமிர்ந்தது. எத்தனையோ வருஷமாக எத்தனையோ கண்கள் முன்னால் உட்கார்ந்தவள்தான், கூசியதில்லை, இன்றைக்கு அத்தனை கண்ணும் ஒரே இடத்தில் வந்து விழுந்தபோது மார்த்துணியை இழுத்துக் கழுத்து வரைக்கும் போர்த்திக்கொள்ள வேண்டும்போல இருந்தது. கை தாளத்தோடு நின்றது, நகரவில்லை. அப்போது பூபாலன் ஒரு காரியம் செய்தான். அவளையே பார்த்துக்கொண்டு, யோசிக்காமல், ஒரு துளி மண்ணைக் கிள்ளி உருட்டித் தன் சிலையின் கழுத்தில் வைத்தான். அவனுக்குப் பக்கத்தில் நின்ற பெண் அவனைப் பார்த்தாள், அவளும் கிள்ளினாள். பிறகு இன்னொருத்தன். தப்பு அவர்கள்மேல் இல்லை, முதல் வருஷத்திலிருந்து கண்ணால் கண்டதை வை, கண்டதை வை என்று தலையில் அடித்துச் சொன்னவர் இதே சார்தான், ஒரு நாள் மரபைப் பேசிவிட்டால் கை கேட்குமா. பவுனம்மா கண்ணை மட்டும் திருப்பினாள், இவ்வளவு நேரம் சிவனைப் பார்த்த கண். வட்டமாக அவள் உட்கார்ந்திருந்தாள், மண்ணில், சின்னச் சின்னதாக, எல்லாம் தாளத்தைத் தூக்கிப் பிடித்து, எல்லாம் அண்ணாந்து சிரித்துக்கொண்டு, ஒவ்வொரு கழுத்திலும் அது முளைத்துக்கொண்டே வந்தது. அக்காவுக்கு ஒரு மருமகள் பார்த்தாள். தனக்கு ஒரு வகுப்பே பார்த்துவிட்டது.

டேய், விடுங்கடா, வேணாம் என்றார் சார். அவர் மேடைக்குப் பக்கத்தில் வந்திருந்தார். இந்த முறை கல்லைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார், பார்த்த முகத்தில் ரத்தம் இல்லை. அம்மா, எறங்கி வந்து கொஞ்சம் உக்காருங்கம்மா, தண்ணி கொண்டு வரச் சொல்லட்டுமா என்றார். பஞ்சு மாதிரி. எத்தனை வருஷம், எத்தனை வெயில் காலம், ஒரு தடவை மயக்கமே போட்டு விழுந்திருக்கிறாள், அப்போதுகூட எழுந்திரிங்கம்மா, வெளிச்சம் போவுது என்றவர். வந்துவிட்டது. அந்தக் குரல் வந்தே விட்டது, வீட்டு வாசலில் காவல் காத்துக்கொண்டிருந்தாள், அது கல்லூரி வாசல் வழியாக வந்துவிட்டது. இனிமேல் எல்லோரும் இப்படித்தான் பேசுவார்கள், புருஷன் டிவியை அணைத்துவிட்டுப் பேசுவார், மகள் கடன் கேட்க மாட்டாள். பவுனம்மாவுக்கு ஓவென்று கத்தத் தோன்றியது. எறங்காதியக்கா என்றாள் இசக்கி. சாரையும் பார்க்கவில்லை, பவுனம்மாவின் முகத்தையும் பார்க்கவில்லை, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு கழுத்தையே பார்த்தாள். தாடைய இன்னும் கொஞ்சம் தூக்குங்க, அதுக்குக் கீழ உள்ள பள்ளம் பிடிபட மாட்டேங்கு. சார் அவள் பக்கம் திரும்பினார். போதும் இசக்கி, இது பரிசுக்குப் போகாது, வர்றவங்ககிட்ட நான் என்னன்னு சொல்றது. போகாட்டிப் போகட்டும் சார், முடிச்சிருதேன். காலையில் பேசிய அதே பேச்சு, அதே வெடுக்கு. பவுனம்மா தாடையைத் தூக்கினாள். எவ்வளவு தூக்க முடியுமோ அவ்வளவு தூக்கினாள், நரம்பு இழுத்தது, இடது தோளைப் பின்னால் தள்ளி, இதோ பார் என்று அதை வெளிச்சத்துக்குக் கொடுத்தாள். இசக்கியின் விரல் மண்ணில் வேகமாக ஓடியது. சார் பேனருக்குக் கீழே போய் நின்றுகொண்டார், வாசலில் கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. கண்ணு என்றாள் பவுனம்மா, உதடு அசையாமல், சிரிப்புக்குள்ளிருந்தே. என்னக்கா. முட்ச்சதும் என்கூட பெரியாஸ்பத்திரிக்கு வரியா. இசக்கியின் கை நின்றது. வாரேன்க்கா என்றாள், பிறகு கொஞ்சம் யோசித்து, நாளைக்குக் காலையில போவமா, அப்பந்தான் எல்லா டாக்டரும் இருப்பாவ என்றாள். பவுனம்மா தாளத்தைப் பிடித்த இரண்டு கையையும் மடியில் இறக்கினாள், சிரிப்பையும் இறக்கினாள், கன்னம் நெருப்பாக எரிந்தது.

நாளைக்குன்னா நான் வரமாட்டேன் கண்ணு, என்னை எனக்குத் தெரியும்.